கேள்வி வாசல்

முக விலை வந்தபோது, இனி இல்லாதப்பட்டவர்கள் ஊர் சுற்றுவது நின்றுபோகும் என்று எல்லோரும் சொன்னார்கள். நிற்கவில்லை. முகத்தை மறைத்துக்கொண்டு சுற்ற ஆரம்பித்தார்கள், அவ்வளவுதான்.

கோபிசெட்டிபாளையத்தில் சென்னியப்பனுக்கு இதை விளக்கியது அவருடைய ஒரே மகள் நித்திலா. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அப்பாவும் மகளும் சமையலறைத் தரையில் உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா பூங்கொடி அடுப்பருகே நின்று, எதுவும் காதில் விழாத மாதிரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கடைல இருக்கற கேமரா நம்ம மூஞ்சியப் பாக்குதுங்ப்பா. பாத்த ஒடனே நாம யாரு, என்ன சம்பளம், எத்தன பசில இருக்கறோம், அத்தனையும் அதுக்குத் தெரிஞ்சு போயிருது. அதுக்கப்புறம்தான் வெல சொல்லுது. ஒரே ரொட்டிதான். எனக்கொரு வெல, பக்கத்துல நிக்கறவனுக்கொரு வெல."

"இது நம்ம சந்தைல எப்பவும் நடக்கறதுதானே கண்ணு. வெள்ளச் சட்டையப் பாத்தா தக்காளி வெல தானா ஏறிக்கும்."

"சந்தைல பேரம் பேசலாம். இதுகிட்டப் பேச முடியாதுங்ப்பா. வெளியூர்க்காரி, தனியா வந்திருக்கறா, பொழுது சாயப் போகுது, வேற ரூம் கெடைக்காதுன்னு அதுக்குத் தெரியும். மூணு பங்கு கேக்கும்."

அதற்குத்தான் திரை. துவரம்பருப்பு அளவில் ஒரு வில்லை. காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டால் எந்தக் கேமராவுக்கும் நாம் 'ஒரு ஆள்'. பேர் கிடையாது, ஊர் கிடையாது. எல்லோருக்கும் என்ன விலையோ அதையே நமக்கும் சொல்லியாக வேண்டும். போன் பேசலாம். ஆனால் எங்கிருந்து பேசுகிறோம் என்பதை நாம் வாயால் சொன்னால்தான் உண்டு. போன வழியெல்லாம் வில்லைக்குள்ளும் எங்கோ ஒரு கிடங்கிலும் பதிவாகும். பூட்டு போட்டுப் பதிவாகும்.

நித்திலா ஈரோட்டில் ஒரு கண் மருத்துவமனையில் வேலை செய்தாள். தினமும் நூறு பேரிடம் எதிர்ச் சுவரில் இருக்கும் எழுத்தைப் படிக்கச் சொல்லுகிற வேலை. கல்யாணத்துக்கு முன்னால் ஒரே ஒரு தடவை, இன்னார் மகள் என்று யாருக்கும் தெரியாத ஒரு நாட்டில், முதுகில் ஒரு பையோடு தனியாகச் சுற்றிவிட்டு வர வேண்டும் என்பது அவள் ஆசை. கையிலிருக்கும் சேமிப்புக்கு எந்த நாடு தாங்கும் என்று பார்த்துப் பார்த்துக் கடைசியில் கிர்கிஸ்தானில் விரல் வைத்தாள்.

"அது டாக்டருக்குப் படிக்கப் போறவங்க போற ஊரு. நீதான் படிச்சு முடிச்சுட்டியே" என்றாள் பூங்கொடி. அவளுடைய எதிர்ப்பு அவ்வளவுதான். அன்றைக்கே பருப்புப்பொடிக்குத் துவரையை வறுக்க ஆரம்பித்துவிட்டாள்.

சென்னியப்பன் எதிர்க்கவே இல்லை. அவர் கோபி - சத்தியமங்கலம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். பஸ்கள் தாமாகவே டிக்கெட் கொடுக்கக் கற்றுக்கொண்ட வருடம், மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆயுசு முழுக்க "எங்கீங் போகோணும்? எங்கீங் போகோணும்?" என்று கேட்டே தொண்டை தேய்ந்த மனுஷன், தான் எங்கும் போனதில்லை. மகள் போகிறாள் என்றதும் பாதி தூரம் தானே போகிற மாதிரி ஆகிவிட்டார்.

உரித்த கடலைகளைத் தரையில் பரப்பி வைத்துத்தான் பயணத்தைப் போட்டார்கள். ஒரு கடலை பிஷ்கெக், தலைநகரம். அங்கிருந்து ஒரு சாண் தள்ளி கோச்கோர். அதற்கு மேலே மலைக்கு நடுவே சோங்குல் ஏரி, அங்கே கம்பளிக் கூடாரத்தில் தங்கல். பிறகு கராக்கோல். அந்த நாட்டில் நேரத்துக்குப் புறப்படும் பஸ் குறைவு, ஆள் நிறைந்தால் புறப்படுகிற வேன்தான் அதிகம் என்று நித்திலா படித்துச் சொன்னதும் சென்னியப்பனுக்கு அந்த நாட்டின் மேல் தனிப் பாசம் வந்துவிட்டது.

"நம்ம மினி பஸ்ஸுதான். மொத ஆளா ஏறாத சாமி. வேன் நெறைய நேரமாகும், உள்ள உக்காந்து வெந்துருவ. பாதி நெறைஞ்சதா பாத்து, கதவோர சீட்டுல உக்காரு. பைய மேல போடாத, கால்சந்துல வெச்சுக்கோ."

"சரீங்ப்பா."

"பலகை படிக்கத் தெரியாதவன் வண்டி ஏறக் கூடாது. அந்த ஊரு எழுத்த ரெண்டு பேரும் படிப்போம்."

படித்தார்கள். மகள் வேலைக்குப் போகிற பஸ்ஸில் படித்தாள், அப்பா டீக்கடையில் படித்தார். மாசக் கடைசியில் அவர் 'கோச்கோர்' என்பதை அந்த ஊர் எழுத்தில் வாசலில் கோலப்பொடியால் எழுதிக் காட்டினார். பூங்கொடி அதைச் சுற்றி நாலு புள்ளி வைத்துக் கோலமாக்கிவிட்டாள். அந்த வீட்டில் அவ்வளவு சிரிப்பு அதற்கு முன்னால் கேட்டதில்லை.

கிளம்புவதற்குச் சில நாள் முன்னால் நித்திலா அப்பாவைக் கூப்பிட்டு எதிரில் உட்காரவைத்தாள்.

"அப்பா, இது முக்கியம். திரை போட்டுப் போறவங்களுக்கு ஏர்போர்ட்டுல ரெண்டு வாசல் இருக்குது. ஒண்ணு நேர் வாசல். அதுல போனா என்னோட வழிய யாராலயும் தெறக்க முடியாது. இன்னொண்ணு கேள்வி வாசல். நான் கண்ணாடி அறைக்குள்ள நிப்பேன், நீங்க வெளிய மைக்குகிட்ட நிப்பீங்க. 'எங்க போற'ன்னு நீங்க கேக்கோணும். நான் உள்ளயிருந்து ஊரு பேரச் சொல்லுவேன். உங்க குரலும் எங் குரலும் சேந்துதான் சாவி. எனக்கு ஏதாச்சும் ஆகிப்போச்சுன்னா நீங்க ஒருத்தர் மட்டும் தெறந்து பாக்கலாம்."

"கேட்டாப் போச்சு. இதுக்கெதுக்குக் கண்ணாடி ரூமு?"

"புடிக்காத புருசன், அடிக்கற அப்பன், யார் வேணாலும் வந்து மைக்கு முன்னால நின்னு கேக்கலாமில்லீங்களா? அதுக்குத்தான். நீங்க பேசறது எனக்குக் கேக்கும், நான் பேசறது உங்களுக்குக் கேக்காது. உள்ள நான் நெழலாட்டந்தான் தெரிவேன். நான் பதில் சொன்னனா இல்லியா, சாவி ஆச்சா இல்லியான்னு வெளிய நிக்கறவங்களுக்குத் தெரியாது. ஒரு கேள்வி, ஒரு பதில். அத்தோட முடிஞ்சுது. உள்ள போன் எடுக்காது, திரும்பி வெளிய வரவும் முடியாது. மறக்காமக் கேட்டுருங்ப்பா."

"முப்பது வருசமா அதத்தானே கண்ணு கேட்டுட்டிருந்தேன்" என்றார் சென்னியப்பன்.

பஸ்ஸில் கேட்டது நிஜம். வீட்டில் கேட்டதில்லை. பஸ்ஸில் ஏறுகிறவன் ஏற்கெனவே கிளம்பி வந்தவன். வீட்டுப் படி இறங்குகிற ஆளைப் பார்த்து 'எங்கே போறே' என்று கேட்பதாவது! போகிற காரியம் உருப்படாது. நம் பக்கத்தில் கைக்குழந்தைக்குக்கூட இது தெரியும். கேட்டே தீர வேண்டுமென்றால் 'தொலவா?' என்று கேட்போம். 'ஆமாங், தொலவுதான்' என்றோ 'இல்லீங், இங்கதான்' என்றோ பதில் வரும். கேட்டதும் ஆயிற்று, கேட்காததும் ஆயிற்று.

கோயம்புத்தூர் விமான நிலையத்தில் நித்திலா பையை முதுகில் போட்டுக்கொண்டு கேள்வி வாசலின் கண்ணாடி அறைக்குள் போனாள். கதவு மூடியதும் பால் கலந்த மாதிரி கண்ணாடி வெளுத்து, அவள் ஒரு நிழலானாள். முதுகுப் பையோடு சேர்த்துப் பார்க்கக் கொஞ்சம் கூன் விழுந்த நிழல். சென்னியப்பன் மைக் அருகே போனார். தொண்டையைச் செருமினார். பூங்கொடி அவர் பக்கத்தில் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தொலவா கண்ணு?" என்று கேட்டார்.

முழு மனசோடுதான் கேட்டார். முப்பது வருஷக் குரல், கணீரென்று விழுந்தது. உள்ளே நிழல் அசையாமல் நின்றது. பிறகு கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துத் தட்டியது. டாட்டா காட்டுகிறாள் என்று நினைத்து, சென்னியப்பன் வெளியிலிருந்து அந்தக் கை மேலேயே தன் கையை வைத்தார். நிழல் இன்னும் கொஞ்சம் தட்டியது. கிளம்ப மனசில்லாமல் நிற்கிறது குழந்தை என்று பூங்கொடிக்கு அழுகை வந்துவிட்டது.

"போ சாமி, நேரமாச்சு. திரும்பிப் பாக்காமப் போ" என்றார் சென்னியப்பன்.

கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பக்கக் கதவு திறந்தது. நிழல் போய்விட்டது. திரும்பி வருகிற பஸ்ஸில் அவர் பூங்கொடியிடம், "கேட்டுட்டேன். சாவி நம்மகிட்டத்தான் இருக்குது, பயப்படாத" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

நித்திலா தினமும் சாயங்காலம் போன் செய்தாள். போட்ட பாதையிலேயே போனாள். பலகையை அவளே படித்து வேன் ஏறினாள். கதவோர சீட்டுதான் என்றாள். கோச்கோரில் தங்கிய வீட்டுக்காரம்மா ரொட்டியைத் தூக்கித் தூக்கி வைத்ததாகவும், பருப்புப்பொடியை ருசி பார்த்துவிட்டு மூன்று நாள் இருமியதாகவும் சொன்னாள். இங்கே தரையில் கடலைகள் இடம் பெயரவில்லை. பூங்கொடி அவற்றைச் சுற்றிக் கூட்டிப் பெருக்கினாள்.

ஒரு நாள் காலையிலேயே போன் வந்தது. கராக்கோலில் இருந்து.

"அப்பா, நம்ம பிளான்ல இல்லாத ஒரு எடத்துக்குப் போறேன். வழில ரெண்டு பேரப் பாத்தேன், என்னாட்டவே திரை போட்டுட்டு வந்தவங்க. அவங்க சொன்ன எடம். நாம அத யோசிக்கவே இல்லீங்ப்பா! வேன் நெறையப் போகுது, கெளம்பிட்டேன்."

பின்னால் ஒரு வண்டி உறுமுகிற சத்தம் கேட்டது. சென்னியப்பனுக்கு 'எங்கே' என்ற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பிள்ளை வண்டிப் படியில் கால் வைக்கிறாள். இந்த நேரத்திலா கேட்பது?

"தொலவா சாமி?"

"கொஞ்சம் தொலவுதானுங்ப்பா." அவள் சிரித்தாள். "வந்து சொல்றேன்."

"பாத்துப் போ கண்ணு."

அதற்கப்புறம் போன் வரவில்லை. அந்த வாரம் அங்கே மலையில் பேய் மழை. பல பள்ளத்தாக்குகளில் மண் சரிந்ததாகச் செய்தியில் காட்டினார்கள். அந்த நாட்டு மீட்புப் படையினர் நல்லவர்கள். சென்னியப்பன் அனுப்பிய பாதையைக் கையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகத் தேடினார்கள். கராக்கோல் வேன் நிலையத்துக் கேமராவில் அன்று காலை 'ஒரு ஆள்' வண்டி ஏறியது பதிவாகியிருந்தது. அதே காலையில் இன்னும் எத்தனையோ 'ஒரு ஆள்'கள் எத்தனையோ வேன்களில் ஏறியிருந்தார்கள். அதற்கு மேல் போக அவர்களிடம் வழியில்லை. "அவர் பயணத்தின் சாவி யாரிடம் இருக்கிறது?" என்று கேட்டு எழுதினார்கள்.

சென்னியப்பன் அதைப் படித்ததும் ஒரு நிமிஷம் சந்தோஷமே பட்டார். சட்டையை மாட்டிக்கொண்டு, பூங்கொடியையும் அழைத்துக்கொண்டு, கோயம்புத்தூரில் இருக்கும் திரை அலுவலகத்துக்குப் போனார்.

அங்கே இருந்த அதிகாரி ஜெசிந்தா, நாற்பது வயதுப் பெண்மணி. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு பேசுகிறவள். அவரை ஒரு கருவி முன்னால் உட்காரவைத்துப் பேச வைத்தாள். இரண்டு தடவை பேச வைத்தாள். பிறகு கணினியில் எதையோ படித்துவிட்டுக் கண்ணாடியைக் கீழே இறக்கினாள்.

"ஐயா, உங்க குரலுக்குச் சாவி எதுவும் இல்லைங்க."

"இல்லீங்களே, நான் கேட்டேனுங். இவளும் பக்கத்துலதான் இருந்தா."

"வாசல்ல என்ன கேட்டீங்க? அப்படியே சொல்லுங்க."

"தொலவா கண்ணுன்னு கேட்டேனுங்."

அவளும் இந்தப் பக்கத்துப் பெண்தான். அவளுக்குப் புரியாமல் இல்லை.

"அந்த வாசல் இடத்தைக் கேட்டாத்தான் கேள்வின்னு எடுத்துக்கும் ஐயா. நீங்க கேட்டது தூரத்தை. அதனால இன்னும் கேள்வி வரலைன்னு காத்துட்டு இருந்திருக்கு. நேரம் முடிஞ்சதும் கதவைத் தெறந்து விட்டிருச்சு. 'கேள்வி இல்லை'ன்னுதான் பதிவாகியிருக்கு."

"எங்க ஊருல அப்படித்தானுங் கேப்போம். கெளம்பற புள்ளகிட்ட எங்க போறன்னு எப்படிங் கேக்கறது?"

"எனக்குத் தெரியுதுங்க. இந்த விதியை எழுதினவங்களுக்குத் தெரியலை."

"அப்ப..." சென்னியப்பன் தன் கையைப் பார்த்தார். "அப்ப அவ கண்ணாடியத் தட்டினது..."

பூங்கொடிதான் சொன்னாள், மெதுவாக. "கேளுங்கப்பா கேளுங்கப்பான்னு தட்டியிருக்கறா. நாம டாட்டா காட்டிட்டு வந்திருக்கறோம்."

தண்ணீர் கொடுத்தார்கள். குடித்துவிட்டு, பஸ்ஸில் சில்லறைக்குத் தகராறு செய்கிற பயணியிடம் பேசுகிற மாதிரி நிதானமாகக் கேட்டார்.

"நீங்க அரசாங்கமுங்க. நீங்க போட்ட பூட்டு. உங்களால கூடவா தெறக்க முடியாது?"

"முடியாதுங்க. முடியற மாதிரி செய்யலை." அவள் குரல் இறங்கியது. "எங்கக்கா ஒருத்தரை விரும்பி ஓசூருக்குப் போயிட்டா. இந்தச் சட்டமெல்லாம் வரதுக்கு முன்னாடி. எங்கப்பா ஆபீஸ் ஆபீஸா ஏறி, பெத்த பொண்ணைக் காணோம்னு அழுதார். உங்களை மாதிரியேதான் அழுதார் ஐயா. ஒரு நல்ல மனுஷன் மனசு எரங்கி, அவ போன் எங்க இருக்குன்னு பாத்துச் சொல்லிட்டார். அப்பா போய் அவளைப் பாத்தார். நாங்க அவளை அப்புறம் பொட்டலமாத்தான் பாத்தோம்."

ஜெசிந்தா டம்ளரில் மறுபடி தண்ணீர் ஊற்றி அவர் பக்கம் நகர்த்தினாள்.

"அரசாங்கம் தெறக்க முடியற பூட்டுன்னா, எங்கப்பா மாதிரி ஆளுங்க அரசாங்கத்துல ஒரு ஆளைப் பிடிச்சிருவாங்க. அதனால யாராலயும் தெறக்க முடியாதபடி போடச் சொல்லி, நாங்க ரொம்பப் பேரு வருஷக் கணக்கா ரோட்டுல ஒக்காந்தோம். போட்டாங்க. அந்தப் பூட்டால எத்தனையோ பொண்ணுங்க இன்னைக்கு உசுரோட இருக்காங்க. உங்க பொண்ணுக்கு மட்டும் அது..." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

சென்னியப்பனுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் தேவலாம். "உங்கக்கா பேரு என்னுங்?" என்று மட்டும் கேட்டார்.

"ஸ்டெல்லா."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். கிளம்பும்போது ஜெசிந்தா வாசல் வரை வந்தாள். "ஐயா, ஒண்ணு சொல்றேன். வேண்டாம்னு நெனைச்சிருந்தா உங்க பொண்ணு நேர் வாசல்ல போயிருக்கலாம். கேள்வி வாசல்லதான் கடைசி வரைக்கும் நின்னிருக்கா. நீங்க தேடி வரணும்னு நெனைச்சவதான்" என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள். ஆனால் அதுதான் சென்னியப்பனைப் பிறகு தூங்கவிடவில்லை.

வீட்டுக்கு வந்து அவர் மறுபடியும் கடலை உரித்தார். இந்தத் தடவை தனியாக. பழைய கடலைகளைக் கலைக்காமல், கராக்கோலைச் சுற்றி வேன் போகக்கூடிய பள்ளத்தாக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு கடலை வைத்தார். கை நிறையக் கடலை தேவைப்பட்டது. எங்கே தங்குவது, எந்த ஊரில் யார் வீட்டில் கேட்பது, எந்தச் சந்தையில் வேன்காரர்கள் கூடுவார்கள் என்று பேசிப் பேசி, தனக்குத்தானே பதிலும் சொல்லிக்கொண்டார். மகளின் இரண்டாவது பையை எடுத்து முதுகில் மாட்டித் தெருவில் நடந்து பழகினார். "ஏனுங் கண்டக்டரே, பள்ளிக்கூடமா?" என்று கேலி செய்த பக்கத்து வீட்டுக்காரர், விஷயம் தெரிந்ததும் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அவரும் திரை போட்டுத்தான் போயாக வேண்டும். காணாமல் போன மகளைத் தேடி வந்த தகப்பன் என்று அந்த முகத்தைப் பார்த்தால் எந்தக் கருவிக்குத்தான் தெரியாது? ஜீப் வாடகையும் வழிகாட்டிக் கூலியும் அவர் வீட்டை விற்றாலும் எட்டாத உயரத்துக்குப் போய்விடும். என்ன கேட்டாலும் தருவான் என்று தெரிந்தவனிடம் முக விலை என்ன விலை சொல்லுமோ, அதைத்தான் சொல்லும்.

"நீ வந்து வாசல்ல கேக்கோணும்" என்றார் பூங்கொடியிடம்.

அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை. "என்னால ஆகாது. எந்தம்பி பைக்க எடுத்தப்ப 'எங்கடா போற'ன்னு நாந்தான் கேட்டேன். பெருந்துறை ரோட்டுலயிருந்து தூக்கிட்டு வந்தாங்க. அன்னைக்குப் புடிச்சு இந்த வாயால யாரையும் கேட்டதில்ல. உங்களையும் கேட்டு அனுப்பிச்சுட்டு நான் எப்படிங் இருப்பேன்?"

"கேட்டதால அவன் வரல. கேக்காததால புள்ள வரல."

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தையின் கனம் அவருக்குத் தெரிந்தது. பூங்கொடி அரிசிப் பானையை அப்படியே வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. அவருக்குத் தேற்றத் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தார். ரொம்ப நேரம் கழித்து அவள், "எப்படிக் கேக்கோணும்னு சொல்லிக் குடுங்க" என்றாள்.

விமான நிலையத்துக்குப் போகிற பஸ் முழுக்க அவள் உதடு அசைந்துகொண்டே வந்தது. பஸ்ஸில் கண்டக்டர் இல்லை. கேட்க ஆளில்லாமல் ஜனங்கள் பாட்டுக்கு ஏறி இறங்கினார்கள்.

கேள்வி வாசலின் கதவு சென்னியப்பனுக்குப் பின்னால் மூடியது. உள்ளே நின்று பார்த்தால் கண்ணாடி தெளிவாக இருந்தது. வெளியே நிற்பவர்களின் முகத்தில் ஒரு மயிரிழைகூட மறையவில்லை. மகள் இங்கே நின்றுதான் அவரைப் பார்த்திருக்கிறாள். சுத்தமாகத் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு, தொண்டையைச் செருமி, பெரிய காரியம் செய்கிற முகத்தோடு அவர் தப்பான கேள்வியைக் கேட்டதை இங்கிருந்துதான் பார்த்திருக்கிறாள். கதறியிருப்பாள். 'அதில்லீங்ப்பா, அதில்லீங்ப்பா' என்று கத்தியிருப்பாள். அவர் போ சாமி என்று சொன்னது அவளுக்குக் கேட்டிருக்கும். அப்பா மனசு நோகுமென்றுதான் அதைப் போனில் ஒரு நாளும் சொல்லாமல் இருந்திருப்பாள்.

வெளியே பூங்கொடி மைக் முன்னால் நின்றாள். வாயைத் திறந்தாள், மூடினாள். சுற்றும் முற்றும் பார்த்தாள். கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள்.

"எங்கீங்..." மறுபடி ஆரம்பித்தாள். "எங்கீங் போறீங்க?"

அறைக்குள் அந்தக் குரல் மட்டும் நிறைந்தது. சென்னியப்பன் பதிலைத் தயாராகத்தான் வைத்திருந்தார். பிஷ்கெக். ஒரே வார்த்தை. ராத்திரியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்த வார்த்தை. ஆனால் அவள் கேட்ட மாதிரி அவரை ஒருவரும் கேட்டதில்லை. பிள்ளையை எங்கே விட்டீர்கள் என்று இத்தனை நாள் கேட்காமல் வைத்திருந்ததையெல்லாம் சேர்த்து அவள் கேட்ட மாதிரி இருந்தது. எங்கே போகிறார் அவர்? எந்தப் பள்ளத்தாக்குக்கு? எந்தக் கடலைக்கு?

"தெரியலியே பூங்கொடி" என்றார். "எங்க போயித் தேடுவேன்னு தெரியலியே."

தலைக்கு மேல் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. இடத்தின் பெயர் இல்லை. ஒரு கேள்வி, ஒரு பதில். முடிந்துவிட்டது.

"பிஷ்கெக்!" என்று கத்தினார். "பிஷ்கெக்! பிஷ்கெக்! இன்னொருக்காக் கேளு புள்ள! இன்னொருக்கா!"

விளக்கு மாறவில்லை. அந்தப் பக்கக் கதவு திறந்துகொண்டது. சென்னியப்பன் இரண்டு கையாலும் கண்ணாடியை அறைந்தார்.

வெளியே பூங்கொடி கண்ணைத் திறந்தாள். இந்தத் தடவை சரியாகக் கேட்டுவிட்டோம் என்ற நிம்மதி அவள் முகத்தில் வந்திருந்தது. அத்தனை நாளுக்கு அப்புறம் முதல் தடவையாக லேசாகச் சிரித்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, உள்ளே கையை ஆட்டுகிற நிழலுக்குத் தானும் கையை ஆட்டினாள்.